மரை ஏறினால் போதுமா? பழைய லென்ஸும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவும்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்திலேயே நாம் எல்லோரும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு விடுகிறோம். யு.எஸ்.பி. டைப்-சி கேபிள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க இரண்டும் ஒன்றுதான். இரண்டும் அதே ஓட்டையில் அழகாக நுழையும். ஆனால் ஒன்று சார்ஜ் மட்டும் செய்யும். மற்றொன்று ஃபைல்களையும் அனுப்பும், மானிட்டருக்குப் படத்தையும் அனுப்பும். நுழைவது வேறு, வேலை செய்வது வேறு.

மெமரி விஷயத்தில் தயாரிப்பாளர்கள் நம் மேல் கொஞ்சம் கருணை காட்டினார்கள். டி.டி.ஆர்.3 ஸ்லாட்டில் டி.டி.ஆர்.4 மெமரியைச் செருக முடியாதபடி பள்ளத்தை வேறு இடத்தில் வைத்துவிட்டார்கள். தவறான பொருள் உள்ளேயே போகாது. பழைய கேமரா உலகில் இந்தக் கருணை கிடையாது. தவறான லென்ஸும் சுகமாக ஏறும். கேமராவும் கிளிக் ஆகும். படத்தைப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கேமரா லென்ஸுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வந்ததும் அதில் முதலில் நிறைவது போட்டோக்கள்தான். அடுத்து ஒரு நல்ல டிஜிட்டல் கேமரா வருகிறது. அதற்கடுத்து, அப்பாவோ தாத்தாவோ பீரோவில் வைத்துவிட்டுப் போன தோல் பெட்டி நினைவுக்கு வருகிறது. உள்ளே ஒரு பழைய கேமரா, ஒன்றிரண்டு லென்ஸ்கள். இவற்றைப் புதிய கேமராவில் போடலாமா? வேறு பழைய கேமராவில் போடலாமா? இதைத்தான் இங்கு பார்க்கப் போகிறோம்.

ஜோர்க்கியில் வந்த சந்தேகம்

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவரிடம் சோவியத் தயாரிப்பான ஜோர்க்கி-4 கேமரா ஒன்று இருக்கிறது. அதனுடன் வந்த ஜூபிடர்-8 லென்ஸில்தான் அவர் வீட்டுக் கல்யாணம், சீமந்தம், குழந்தைகளின் ஆண்டு நிறைவு எல்லாம் படமாகியிருக்கின்றன. ஆல்பத்தைப் பார்த்தேன். முகங்கள் எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. அந்த லென்ஸை வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மாப்பிள்ளை தன்னுடைய டிஜிட்டல் லைக்காவில் மாட்டிப் பார்த்திருக்கிறார். தூரத்துக் காட்சிகள் நன்றாக வந்தன. கிட்டத்தில் எடுத்த முகங்கள் மட்டும் மங்கலாக வந்தன. "லென்ஸ் வயசாகிப் போச்சு, தூக்கிப் போட்டுடலாம்" என்று அவர் சொல்லிவிட்டாராம்.

"தம்பி, மரை சரியா ஏறுது. அம்பது வருஷம் நல்லா எடுத்த லென்ஸ் திடீர்னு எப்படிக் கெட்டுப்போகும்?" என்று பெரியவர் கேட்டார்.

"லென்ஸ் கெடலை சார். அந்தக் கேமரா எதிர்பார்க்கிற அளவு வேற, இந்த லென்ஸோட அளவு வேற" என்றேன்.

வித்தியாசம் எவ்வளவு என்றால் 0.8 மில்லிமீட்டர். அந்த 0.8 மில்லிமீட்டரைப் புரிந்துகொள்ள, ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

லென்ஸ் வழியாகப் பார்க்காத கேமரா

எஸ்.எல்.ஆர். வகைக் கேமராவில் உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது நம் கண்ணுக்குத் திருப்பிவிடும். லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதையே நாமும் பார்க்கிறோம். மங்கலாக இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் அந்தக் கண்ணாடி கிடையாது. நாம் பார்ப்பது கேமராவின் மேல் மூலையில் இருக்கும் தனி ஜன்னல் வழியாக. சற்றுத் தள்ளி இன்னொரு சின்ன ஜன்னல் இருக்கும். இரண்டு ஜன்னல்களின் காட்சியும் நடுவில் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டாவது பிம்பம் நகரும். இரண்டும் ஒன்றாகச் சேரும் இடத்தில் நிறுத்தினால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று பொருள்.

லென்ஸ் திருகுவது ஜன்னலுக்கு எப்படித் தெரியும்? கேமராவுக்குள் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. அதன் நுனியில் ஒரு உருளை. லென்ஸின் பின்புற வளையம் இந்த உருளையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். லென்ஸ் முன்னே போனால் உருளையும் பின்தொடர்ந்து முன்னே வரும். அந்த அசைவுதான் ஜன்னலில் பிம்பத்தை நகர்த்துகிறது.

கேமராவுக்கு லென்ஸைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த உருளை எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டுமே. உண்மையில் லென்ஸ் எங்கே ஃபோகஸ் ஆகியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. உருளை தவறான தகவல் தந்தாலும் ஜன்னலில் இரண்டு பிம்பங்களும் கச்சிதமாகச் சேர்ந்து நிற்கும். புரோகிராம் எரர் மெசேஜ் எதுவும் தராமல் தப்பான விடையைத் தருவது போலத்தான்.

மூன்று பொருத்தங்கள்

ஆக, ஒரு லென்ஸ் ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் சரியாக வேலை செய்ய மூன்று பொருத்தம் வேண்டும். மரை பொருந்த வேண்டும். லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரம் பொருந்த வேண்டும். உருளைக்குப் போகும் தகவல் பொருந்த வேண்டும். கடைக்காரர் "லைக்கா மவுண்ட் சார்" என்று சொன்னால் அது முதல் பொருத்தத்தைப் பற்றி மட்டுமே. சில சமயம் அதுவும் இல்லை.

ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரில் இருந்த லைட்ஸ் நிறுவனம், ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைக்கா கேமராவை 1925ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் லென்ஸைக் கழற்ற முடியாது. 1930ல் கழற்றி மாற்றும் வசதி வந்தது. ஆனால் அப்போது தூரம் எல்லாக் கேமராவிலும் ஒரே அளவாக இல்லை. ஒவ்வொரு கேமராவுக்கும் அதன் லென்ஸைத் தொழிற்சாலையிலேயே தனியாகச் சரிசெய்து தர வேண்டியிருந்தது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், இருந்தும் உங்கள் லென்ஸ் என் கேமராவில் சரிவராது! 1931ல் இந்தத் தூரத்தை 28.8 மி.மீ. என்று நிலைப்படுத்தினார்கள். அப்படி நிலைப்படுத்திய கேமராக்களில் லென்ஸ் உட்காரும் வளையத்தின் மேல் ஒரு பூஜ்யம் பொறித்தார்கள்.

அந்த மரையின் விட்டம் 39 மி.மீ. ஒரு அங்குலத்துக்கு 26 சுற்று. இதைத்தான் எம்39 என்றும் எல்.டி.எம். என்றும் சொல்கிறார்கள். இந்த மரையை உலகமே எடுத்துக்கொண்டது. சோவியத் நாட்டில் கார்க்கிவ் நகரில் ஃபெட், மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்க் நகரில் ஜோர்க்கி, ஜப்பானில் கேனன் என்று வரிசையாக வந்தன. நிக்கான் தன் லென்ஸ்களை இந்த மரையிலும் செய்து விற்றது. கொரியப் போரைப் படமெடுத்த லைஃப் பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் 1950ல் தன் லைக்காவில் நிக்கானின் லென்ஸ்களை மாட்டித்தான் படமெடுத்தார். ஜப்பானிய லென்ஸ்கள் பற்றி மேற்கு நாடுகள் பேச ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். மரை ஒன்றாக இருந்ததால் நடந்த காரியம் இது.

1954ல் லைக்கா எம்3 வந்தது. மரைக்குப் பதிலாக, சட்டென்று திருப்பி மாட்டும் பயனெட் முறை. இங்கே லைக்காவின் பொறியாளர்கள் செய்த ஒரு காரியத்தை மென்பொருள் எழுதுகிற எவரும் பாராட்டுவார்கள். புதிய கேமராவின் தூரத்தை 27.8 மி.மீ. என்று வைத்தார்கள். பழையதைவிடச் சரியாக 1 மி.மீ. குறைவு. அதனால் 1 மி.மீ. தடிமன் உள்ள ஒரு வளையத்தைப் போட்டால் பழைய மரை லென்ஸ்கள் எல்லாம் புதிய கேமராவில் அப்படியே வேலை செய்யும். புது வெர்ஷன் வந்தவுடன் பழைய ஃபைல்கள் திறக்காமல் போகும் அனுபவம் நமக்கு எத்தனை முறை ஆகியிருக்கிறது! இங்கே அப்படி ஆகவில்லை.

பிரெஞ்சு புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸான் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களை அவர் எடுத்த படங்களில் பார்க்கிறோம். அவர் லைக்காவுக்குப் பேர்போனவர். எம்3 வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. அதாவது அன்றைய லைக்கா எல்லாமே மரை வைத்தவை. அந்தக் காலத்து லைக்கா லென்ஸ் ஒன்று உங்களிடம் இருந்தால், 1 மி.மீ. வளையத்துடன் 2022ல் வந்த எம்11 டிஜிட்டல் கேமராவில் அது சரியாகவே ஃபோகஸ் ஆகும்.

வளையம் வாங்கும்போது தடிமனைக் கவனியுங்கள். 0.05 மி.மீ. அதிகமாக இருந்தாலே 50 மி.மீ. லென்ஸ் சுமார் 50 மீட்டருக்கு அப்பால் போகாது. வளையங்களில் 50/75, 35/135, 28/90 என்று வகைகளும் உண்டு. ஜன்னலில் எந்த அளவுக் கட்டம் தெரிய வேண்டும் என்பதை இவை தீர்மானிக்கின்றன. மாற்றி வாங்கினால் படம் கெடாது, கட்டம் மட்டும் தப்பாகக் காட்டும்.

39 மி.மீ. என்றால் எல்லாம் ஒன்றல்ல

ஜெனித் என்ற பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜோர்க்கியைச் செய்த அதே தொழிற்சாலையின் எஸ்.எல்.ஆர். கேமரா. ஆரம்பகால ஜெனித்தின் மரையும் 39 மி.மீ. விட்டம்தான். ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. என்ற கணக்கு. லைக்கா மரை ஒரு சுற்றுக்கு 0.977 மி.மீ. கையில் இந்த வித்தியாசம் தெரியாது, ஏறிவிடும். ஆனால் ஜெனித்தில் உள்ளே கண்ணாடி இருப்பதால் அதன் தூரம் 45.2 மி.மீ. ஜெனித் லென்ஸை ஜோர்க்கியில் மாட்டினால் அது இருக்க வேண்டிய இடத்தைவிட 16.4 மி.மீ. பின்னால் உட்காரும். எந்தத் தூரத்திலும் படம் தெளிவாகாது. உருளையைத் தொடும் வளையமும் அதில் கிடையாது.

டார்க்ரூமில் பிரிண்ட் போடப் பயன்பட்ட என்லார்ஜர் லென்ஸ்கள் பலவற்றிலும் இதே 39 மி.மீ. மரைதான். அவற்றில் ஃபோகஸ் செய்யும் திருகே இருக்காது. பழைய பொருட்கள் விற்கும் இடத்தில் "39 எம்.எம்." என்ற ஒரே வார்த்தையை நம்பி வாங்காதீர்கள். லென்ஸைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். உள்ளே நகரும் பித்தளை அல்லது அலுமினிய வளையம் இருக்கிறதா? பக்கத்தில் மீட்டர் கணக்கு பொறித்திருக்கிறதா? இரண்டும் இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

ஜூபிடர்-8 வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இதே பெயரில் இரண்டு மவுண்டில் லென்ஸ் வந்திருக்கிறது. ஒன்று மரை வைத்தது. இன்னொன்று கியெவ் கேமராவுக்கானது. கியெவ் என்பது ஜெர்மனியின் கான்டாக்ஸ் கேமராவின் வழிவந்தது. போருக்குப் பிறகு கான்டாக்ஸின் தொழில்நுட்பம் சோவியத் நாட்டுக்குப் போய், கியெவ் நகர ஆர்சனல் தொழிற்சாலையில் தயாரானது. இந்த வகையில் 50 மி.மீ. லென்ஸை ஃபோகஸ் செய்யும் திருகு கேமராவிலேயே இருக்கும். அதனால் லென்ஸில் தூரக் கணக்கு இருக்காது, மரையும் இருக்காது. இதை லைக்காவில் போட வேண்டுமானால் ஃபோகஸ் திருகுடன் கூடிய தனி அடாப்டர் வேண்டும். அதன் விலை லென்ஸைவிட அதிகமாகிவிடும். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

அந்த 0.8 மில்லிமீட்டர்

இப்போது பெரியவரின் லென்ஸுக்கு வருவோம். அது மரை வைத்த ஜூபிடர்-8. தூரமும் 28.8 மி.மீ. தான். முதல் இரண்டு பொருத்தமும் சரி. மூன்றாவதில்தான் சிக்கல்.

50 மி.மீ. லென்ஸ் என்று எழுதியிருந்தாலும் உண்மையான குவியத் தொலைவு அதுவாக இருப்பதில்லை. லைக்கா தன் கேமராவின் நெம்புகோலை 51.6 மி.மீ. என்ற கணக்கில் அமைத்தது. கான்டாக்ஸின் கணக்கு 52.4 மி.மீ. சோவியத் தொழிற்சாலைகள் லைக்காவின் மரையை எடுத்துக்கொண்டன, ஆனால் லென்ஸ் கணக்கைக் கான்டாக்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டன. ஜூபிடர்-8ன் வடிவமைப்பே கான்டாக்ஸுக்காகச் செய்யப்பட்ட ஸைஸ் சோனார்தான். ஜோர்க்கியின் நெம்புகோல் 52.4க்கு அமைந்தது. அதனால் ஜோர்க்கியில் ஜூபிடர் போட்டால் கணக்கு நேராகும். லைக்காவில் போட்டால் நேராகாது.

எவ்வளவு தப்பும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளியில் படித்த லென்ஸ் சூத்திரம்தான். கம்ப்யூட்டரில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து நீங்களே செய்யலாம். குவியத் தொலைவின் வர்க்கத்தை, பொருளின் தூரத்தில் குவியத் தொலைவைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால், லென்ஸ் எவ்வளவு முன்னே வர வேண்டும் என்பது கிடைக்கும். எல்லாம் மில்லிமீட்டரில்.

1 மீட்டர் தூரத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். 51.6 மி.மீ. லென்ஸ் 2.81 மி.மீ. முன்னே வர வேண்டும். 52.4 மி.மீ. லென்ஸ் 2.90 மி.மீ. வர வேண்டும். லைக்காவின் ஜன்னலில் பிம்பங்கள் சேரும்போது உருளை 2.81 நகர்ந்திருக்கிறது. ஜூபிடரும் 2.81 தான் வந்திருக்கும். இன்னும் 0.09 மி.மீ. வந்திருக்க வேண்டும், வரவில்லை. இதனால் ஃபோகஸ் 1 மீட்டரில் விழாமல் 1.03 மீட்டரில் விழுகிறது. நீங்கள் கண்ணைப் பார்த்து ஃபோகஸ் செய்தால் அதற்கு 3 செ.மீ. பின்னால் நெற்றிப்பொட்டுப் பக்கம் தெளிவாகிறது.

3 செ.மீ. பெரிய விஷயமா? அப்பெர்ச்சரைப் பொறுத்தது. 35 மி.மீ. ஃபிலிமில் 0.03 மி.மீ. வரை மங்கலை அனுமதிப்பது வழக்கம். அதை அப்பெர்ச்சர் எண்ணால் பெருக்கினால் லென்ஸ் நிற்கும் இடத்தில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று தெரியும். எஃப் 2ல் 0.06 மி.மீ. நம் பிழை 0.09. அதனால் மங்கல். எஃப் 4ல் 0.12 வரை தாங்கும், தப்பித்துக்கொள்ளலாம். எஃப் 8ல் 0.24, கேள்வியே இல்லை. 10 மீட்டர் தூரத்தில் இரண்டு லென்ஸுக்கும் உள்ள வித்தியாசமே 0.008 மி.மீ. தான். மாப்பிள்ளையின் தூரத்துப் படங்கள் நன்றாக வந்ததற்குக் காரணம் இதுதான். ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு உள்ளே, அப்பெர்ச்சரை முழுதும் திறந்து எடுக்கும்போது மட்டுமே சங்கடம். டிஜிட்டலில் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். அதனால் பிழை இன்னும் கறாராகத் தெரிகிறது.

இதற்கு வைத்தியம் என்ன? எஃப் 4 அல்லது 5.6ல் எடுப்பது எளிது. எஃப் 2ல்தான் எடுக்க வேண்டும் என்றால் கண்ணுக்குப் பதிலாக மூக்கு நுனியில் பிம்பங்களைச் சேருங்கள். மூன்று சென்டிமீட்டர் பின்னால் கண் தெளிவாக வந்துவிடும்! விளையாட்டாகத் தெரிந்தாலும் கணக்கு இதைத்தான் சொல்கிறது. அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் உள்ளே மெல்லிய வளையம் வைத்துக் கிட்டத்துப் பிழையைச் சரிசெய்யவும் முடியும். ஆனால் அப்படிச் செய்தால் தூரத்தில் கொஞ்சம் தப்பும், ஜோர்க்கியிலும் இனிமேல் சரிவராது. நல்ல நிலையில் ஜோர்க்கி இருக்கும்போது அதைச் செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து.

இதே கணக்கை மற்ற சோவியத் லென்ஸ்களுக்கும் பொருத்திப் பாருங்கள். ஜூபிடர்-12 ஒரு 35 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ். அதன் தெளிவு ஆழம் அதிகம் என்பதால் பிழை மறைந்துவிடும். ஜூபிடர்-9 என்பது 85 மி.மீ. எஃப் 2. இதில் கிட்டத்தில் தெளிவு ஆழம் மிகவும் சுருங்கிவிடும். லைக்காவில் போட்டு முகம் எடுக்க இது ஏற்றதல்ல. ஜப்பானிய மரை லென்ஸ்கள், அதாவது கேனன், நிக்கான் லென்ஸ்கள், லைக்காவின் கணக்கிலேயே செய்யப்பட்டவை. இவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நிக்கானின் சொந்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் இதே கதை தலைகீழாக நடந்திருக்கிறது. மவுண்ட் பார்க்கக் கான்டாக்ஸ் மாதிரி, உள்ளே கணக்கு லைக்கா மாதிரி. அதனால் கியெவ், கான்டாக்ஸ் லென்ஸ்கள் நிக்கானில் மாட்டும். அகலக் கோண லென்ஸ் என்றால் பயன்படுத்தலாம். 85, 135 போன்றவற்றை நம்ப முடியாது.

லைக்கா லென்ஸை ஜோர்க்கியில் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஜோர்க்கி, ஃபெட் இவற்றின் நெம்புகோல் நுனியில் உருளைக்குப் பதில் ஒரு நாக்கு போன்ற தகடு இருக்கும். சில பழைய டெலி லென்ஸ்களில் பின்புறம் முழு வளையம் இல்லாமல் ஒரு சிறு துண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துண்டும் இந்த நாக்கும் சரியாகச் சந்திக்காமல் போகலாம். மாட்டுவதற்கு முன் பின்பக்கம் பாருங்கள்.

உள்ளே இடிக்குமா?

மூன்று பொருத்தமும் இருந்து, லென்ஸ் கேமராவைக் காயப்படுத்தும் சந்தர்ப்பமும் உண்டு. ஜூபிடர்-12ன் பின்பக்கக் கண்ணாடி உருண்டையாக வெகு தூரம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். 1971ல் வந்த லைக்கா எம்5, 1973ல் வந்த லைக்கா சி.எல். இரண்டிலும் வெளிச்சத்தை அளக்கும் ஒரு கை ஷட்டருக்கு முன்னால் வந்து நிற்கும். அதில் இந்த லென்ஸ் மோதும். உள்ளே மடக்கி வைக்கும் இண்டஸ்டார்-22 போன்ற லென்ஸ்களையும் இந்தக் கேமராக்களில் மடக்கக் கூடாது. போருக்கு முந்தைய 35 மி.மீ. பயோகான் லென்ஸ், போருக்குப் பிந்தைய கான்டாக்ஸ் டூ-ஏ கேமராவில் ஏறாததும் இதே காரணத்தால்தான். பெயர் ஒன்று, கம்பெனி ஒன்று, உள்ளே இடம் இல்லை.

டிஜிட்டல் கேமராவிலும் இந்த விதி பொருந்தும். மடக்கும் லென்ஸை வெளியே இழுத்துத் திருகிப் பூட்டிய பிறகே மாட்டுங்கள். மாட்டிய பிறகு உள்ளே தள்ளாதீர்கள். ஷட்டரைக் கீறினால் அந்தச் செலவில் பத்து பழைய லென்ஸ் வாங்கலாம்.

மிரர்லெஸ் கேமரா இருந்தால்

வீட்டில் வாங்கியிருப்பது மிரர்லெஸ் வகை டிஜிட்டல் கேமரா என்றால் உங்களுக்கு யோகம். இதில் நெம்புகோலும் இல்லை, உருளையும் இல்லை. சென்சாரில் விழும் படத்தையே திரையில் பார்க்கிறீர்கள். மூன்றாவது பொருத்தம் தேவையே இல்லாமல் போகிறது. 51.6 ஆக இருந்தால் என்ன, 52.4 ஆக இருந்தால் என்ன, கண்ணால் பார்த்துத் திருகினால் போதும். 2012ல் அறிவிக்கப்பட்ட லைக்கா எம் டைப் 240லும் அதற்குப் பிறகு வந்த பல மாடல்களிலும் இப்படித் திரையில் பார்த்து ஃபோகஸ் செய்யும் வசதி இருக்கிறது. மாப்பிள்ளையின் கேமராவிலும் அது இருந்தால் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது.

இரண்டாவது பொருத்தத்தை அடாப்டர் பார்த்துக்கொள்ளும். சோனி இ மவுண்டின் தூரம் 18 மி.மீ. 28.8ல் அதைக் கழித்தால் 10.8. அந்த உயரத்துக்கு ஒரு குழாய்தான் அடாப்டர், உள்ளே கண்ணாடி எதுவும் இல்லை. ஃபியூஜி எக்ஸுக்கு 11.1, நிக்கான் இசட்டுக்கு 12.8, கேனன் ஆர்.எஃப்.புக்கு 8.8 மி.மீ. ஆனால் உங்களிடம் இருப்பது டி.எஸ்.எல்.ஆர். என்றால்? கேனன் இ.எஃப். தூரம் 44 மி.மீ., நிக்கான் எஃப் 46.5. கழித்தால் மைனஸில் வருகிறது. மைனஸ் உயரத்தில் குழாய் செய்ய முடியாது. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸை இவற்றில் மாட்டினால் மிகக் கிட்டத்தில் பூ, எறும்பு எடுக்கலாம், அவ்வளவுதான். யாராவது அடாப்டர் இருக்கிறது என்று விற்க வந்தால் இந்தக் கழித்தலைப் போட்டுக் காட்டுங்கள்.

மாட்டியதும் கேமரா "லென்ஸ் இல்லை" என்று அடம்பிடிக்கும். மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை இயக்க அனுமதிக்கும் ஒரு செட்டிங் இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். ஃபோகஸ் ஆன விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் பீக்கிங் வசதியையும் ஆன் செய்துவிடலாம். அகலக் கோண லென்ஸ்களில், குறிப்பாக ஜூபிடர்-12ல், படத்தின் மூலைகள் ஊதா கலந்தும் கலங்கியும் வரலாம். ஃபிலிமுக்காகச் செய்த லென்ஸ் அது. வெளிச்சத்தைச் சாய்வாக அனுப்புவது சென்சாருக்குப் பிடிப்பதில்லை. கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் நிறப் பிரச்சினையாவது போய்விடும்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

மேஜை மேல் ஐந்து பென்சில் செல்களை நிற்க வையுங்கள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று 3 செ.மீ. இடைவெளியில், சற்றுப் பக்கவாட்டில் தள்ளி, எல்லாம் தெரியும்படி. கேமராவை 1 மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் வையுங்கள். அப்பெர்ச்சரை முழுதும் திறந்து, நடு செல்லின் எழுத்தில் ரேஞ்ச்ஃபைண்டரைச் சேர்த்துப் படமெடுங்கள். கம்ப்யூட்டருக்கு மாற்றி, இலவசமாகக் கிடைக்கும் இர்ஃபான்வியூ போன்ற மென்பொருளில் 100 சதவீத அளவில் பாருங்கள். திரைக்குப் பொருத்திச் சுருக்கிப் பார்த்தால் எல்லாம் தெளிவாகவே தெரியும், ஏமாந்துவிடுவீர்கள். நடு செல் தெளிவாக இருந்தால் பொருத்தம் சரி. அதற்குப் பின்னால் இருக்கும் செல் தெளிவாக இருந்தால், லைக்காவில் ஜூபிடர் கதைதான்.

தூரத்துக்கும் ஒரு சோதனை வேண்டும். சாந்தோம் கடற்கரையில் நின்று மெரினா கலங்கரை விளக்கத்தை எடுக்கலாம். லென்ஸை முடிவிலிக் குறிவரை திருகி, கலங்கரை விளக்கத்தின் கோடுகள் தெளிவாக வருகின்றனவா என்று பாருங்கள்.

ஃபிலிம் கேமராவில் இதற்காக ஒரு ரோலைச் செலவழிக்க வேண்டாம். ஜோர்க்கி-4, ஃபெட்-2 போன்றவற்றில் பின்மூடி முழுதாகக் கழன்று வரும். ஃபிலிம் ஓடும் இரண்டு தண்டவாளங்களின் மேல் டிரேசிங் பேப்பரை இறுக்கமாக ஒட்டி, ஷட்டரை பி நிலையில் வைத்து அழுத்திப் பிடியுங்கள். பேப்பரில் தலைகீழாகப் படம் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் போதும். ஷட்டர் திரை துணியால் ஆனது. அதை விரலால் தொடாதீர்கள்.

சென்னைவாசிகளுக்குப் பொருத்தத்தைவிடப் பெரிய எதிரி பூஞ்சை. கடற்கரை ஈரத்தில் தோல் பெட்டிக்குள் இருபது வருடம் கிடந்த லென்ஸில் சிலந்தி வலை போலப் படர்ந்திருக்கும். வாங்கும் முன் லென்ஸை முழுதும் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். பூஞ்சை பிடித்ததை மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். தோல் உறையைத் தனியே எடுத்துவிட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைத்தால் செலவு குறைவு.

பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். ஃபெட், ஜோர்க்கி கேமராக்களின் மேல் லைக்கா என்றும், இண்டஸ்டார் லென்ஸின் மேல் எல்மார் என்றும் பொறித்து விற்பது நெடுநாளாக நடக்கிறது. தங்க முலாம், ராணுவச் சின்னம் இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். நெம்புகோலின் நுனியில் உருளைக்குப் பதில் நாக்கு இருந்தால் அது லைக்கா அல்ல. அது கேமராவின் குற்றம் அல்ல, ஃபெட்டின் விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

கடைசியாகக் கம்ப்யூட்டரில் ஒரு வேலை. பழைய லென்ஸுக்கு எலெக்ட்ரானிக் தொடர்பு எதுவும் இல்லாததால், போட்டோ ஃபைலில் பதிவாகும் எக்ஸிஃப் விவரத்தில் லென்ஸின் பெயர், அப்பெர்ச்சர் எதுவும் சரியாக வராது. ஒரு வருடம் கழித்து எந்தப் படம் எந்த லென்ஸில் எடுத்தது என்று தெரியாமல் விழிப்போம். எடுத்த அன்றே லென்ஸின் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டுவிடுங்கள். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் அந்த ஃபோல்டரில் உள்ள எல்லாப் படங்களிலும் லென்ஸ் பெயரை ஒரே கட்டளையில் எழுதிவிடலாம். அடாப்டர் வளையத்தை ஒவ்வொரு முறையும் கழற்றாமல் லென்ஸிலேயே விட்டு வையுங்கள். மரை தேயாமல் இருக்கும், 1 மி.மீ. வளையம் காணாமலும் போகாது.